நூறு மில்லிக்குள்

அந்த அக்காவிடம் பெரியதாக இருந்தது தலைமுடி ஒன்றுதான். பின்னலைப் பிரித்துவிட்டால் இடுப்புக்குக் கீழே போகும். மற்றதெல்லாம் சின்னது. ஷாம்பூ சின்னது, ஃபேஸ்வாஷ் சின்னது, பவுடர், பற்பசை, முகத்துக்குப் பூசுகிற கிரீம், தேங்காய் எண்ணெய் எல்லாமே சின்னது. ஊருக்குப் போகிறவர்களுக்கென்று கடையில் பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் கொட்டி வைத்திருப்பார்களே, அந்த அளவு. எல்லாவற்றையும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் ஜிப் பையில் போட்டு வைத்திருப்பார். குளிக்கப் போகும்போது பை கூடவே போகும். குளித்து வரும்போது பை கூடவே வரும். பாத்ரூம் தட்டில் அவருடைய சாமான் என்று ஒரு சோப்புத் துண்டுகூட இருந்ததில்லை.

பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பெண்கள் பி.ஜி.யில், மூன்று கட்டில் போட்ட அறையில், அவரோடு இரண்டரை வருஷம் இருந்தேன். பேரைச் சொல்ல மாட்டேன். மாடி முழுக்க அவருக்கு 'மினி அக்கா' என்றுதான் பேர். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "மினியோ மேக்ஸியோ, சாப்பாட்டுக்குக் கூப்ட்டா சரி" என்று விட்டுவிட்டார்.

எனக்கும் அவருக்கும் முதல் பேச்சே சண்டைதான். புது வேலையில் முதல் நாள், என் சாமான்கள் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஷாம்பூ ஞாபகம் வந்தது. கதவுக்கு வெளியே தலையை நீட்டி, "அக்கா, கொஞ்சம் ஷாம்பூ குடுங்களேன்" என்றேன். அவர் பையைத் திறந்தார். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். இரண்டே சொட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இத வெச்சு என் புருவத்தக்கூட கழுவ முடியாதுக்கா."

அவர் கோபப்படவில்லை. "எந்த ஊருடி நீ?" என்றார்.

"ஆம்பூர்."

"நான் குடியாத்தம். பக்கத்துப் பக்கத்து ஊர்ல பொறந்துகினு காலங்காத்தால சண்ட போடலாமா? இந்தா, இன்னொரு சொட்டு."

அன்றிலிருந்து நான் அவருக்கு 'ஆம்பூரு'. கடைசிவரை என் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

கஞ்சப் பிசினாறி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வரும்போது மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வருவார். காசைக் கொடுத்தால் கையைத் தட்டிவிடுவார். இந்தக் கைக்கு ஷாம்பூவில் மட்டும் என்ன வந்தது என்று மண்டை குடைந்தது. சில வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது.

கல்யாணமாகி நாற்பதாம் நாள் அவருடைய கணவர் கத்தாரில் தோஹாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே ஏ.சி. மாட்டுகிற வேலை. கம்பெனி 'ஃபேமிலி ஸ்டேட்டஸ்' என்று ஒன்று கொடுத்தால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொள்ளலாமாம். இரண்டே மாதத்தில் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் வீட்டில் இரண்டு அறைக்கு ஏழு பேர். அம்மா வீட்டுக்குப் போனால், 'இன்னா, கட்டிக் குடுத்த பொண்ணு இங்கயே கீது' என்று தெருவே கேட்கும். எப்படியும் பெங்களூரிலிருந்துதான் விமானம் ஏற வேண்டும், இரண்டு மாதம் அங்கேயே இருந்துவிடலாம் என்று வந்து, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் பில் போடுகிற வேலையில் சேர்ந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த இரண்டு மாதம் நாலாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

"நூறு மில்லிக்கு மேல எதையும் பிளேன்ல உடமாட்டான், எல்லாம் சின்னச் சின்னதா வாங்கி வெச்சுக்கோ" என்று கணவர் முதல் மாதமே ஃபோனில் சொல்லியிருக்கிறார். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. அதில் முகூர்த்தப் புடவையும் கல்யாண ஆல்பமும் நாலு புதுச் சுடிதாரும் மடித்தபடியே இருக்கும். போட்டுக்கொள்ளும் துணி மட்டும் வெளியே. கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம்.

எங்கள் அறையில் மூன்றாவது ஆள் ஹாசன் ஊர்ப் பெண். வங்கியில் வேலை, பாதிக் கன்னடம் பாதித் தமிழ். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடாது. ஒரு நாள் ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்துகொண்டு அக்கா எதிரில் உட்கார்ந்தது.

"நோடி அக்கா, பாருங்க. இது ஐம்பது மில்லி, அறுபது ரூபாய். பெருசு நானூறு மில்லி, இருநூத்தி எண்பது. மில்லி லெக்கா பார்த்தா நீங்க டபுள் கிட்ட குடுக்கிறீங்க. சும்னே வேஸ்ட்."

அக்கா ஒரு ஃபேஸ்வாஷ் ட்யூபைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"நீ மில்லியால வகுக்குற. நான் நாளால வகுக்குறேன். அடுத்த மாசம் நான் போய்ட்டா பெரிய பாட்டில்ல முக்காவாசி இங்கயே நின்னுடும். அப்ப மில்லிக்கு எவ்ளோ ஆச்சு? நீயே போட்டுப் பாரு."

அந்தப் பெண் உண்மையிலேயே போட்டுப் பார்த்தது. "கரெக்ட்தான் அக்கா" என்று ஒப்புக்கொண்டது. போகிறவளுக்கு அது சரியான கணக்குதான். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"நாலு வருஷமா வாங்கின சின்ன பாட்டிலையெல்லாம் எண்ணிப் பாருங்கக்கா. அந்தக் காசுக்கு ஒரு லாரி ஷாம்பூ வந்திருக்கும்."

ஹாசன் பெண் என் காலை மிதித்தது. அக்கா வழித்ததை முகத்தில் தேய்த்துக்கொண்டு எழுந்தார். கதவருகே நின்றார்.

"எண்ணக் கூடாதுடி ஆம்பூரு. எண்ணினா இங்க இருக்க முடியாது."

எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

கடையில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு அடித்துக்கொள்வார்கள். அக்கா மட்டும் வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். தோஹாவில் வெள்ளி லீவு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கணவர் வீடியோவில் வருவார். வெள்ளிக்கிழமைகளில் நான் அறையிலிருந்தே வேலை பார்ப்பேன், அதனால் எனக்கும் அவர் முகம் பழக்கமாகிவிட்டது. ஒல்லியான மனிதர். பின்னால் இரண்டடுக்குக் கட்டில், கம்பியில் தொங்குகிற யாருடையதோ துண்டு, குறட்டைச் சத்தம். ஒரே அறையில் எட்டுப் பேர். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். அக்கா ஃபோனை எடுத்துக்கொண்டு துணி காயப்போடுகிற மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

"அடுத்த மாசம் கண்டிப்பா ஆயிடுமாம்டி. மேனேஜரே சொன்னாராம்."

உடனே கீழே ஓடுவார். எங்கள் பி.ஜி.யைக் காலி செய்ய வேண்டுமானால் ஒரு மாதம் முன்னாலேயே, ஒன்றாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். பி.ஜி. நடத்தியவர் ஒரு கன்னட ஆன்ட்டி. சமையலறை வாசலில் முக்காலி போட்டுக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு நீள நோட்டு. அக்கா போய் நின்று விஷயத்தைச் சொன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "ஈ சல நிஜானா?" என்பார். இந்தத் தடவை நிஜம்தானா என்று அர்த்தம். "நிஜ ஆன்ட்டி, நிஜ!" என்று அக்கா கிட்டத்தட்டக் குதிப்பார். ஆன்ட்டி நோட்டில் எழுதிக்கொள்வார். அன்று சாயங்காலமே அக்கா கடைக்குப் போய்ப் பைக்குள் இருக்கும் அத்தனையையும் புதிதாக வாங்கி வந்துவிடுவார். மாதக் கடைசியில் திரும்பக் கீழே போய், சத்தமில்லாமல் 'இல்லை' என்று சொல்லிவிட்டு வருவார்.

நான் பார்க்கவே நாலு தடவை. மூன்றாவது தடவை ஆன்ட்டி அக்காவுடைய கட்டிலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தேவிட்டார். அந்தப் பெண் கோலாரிலிருந்து பெட்டியோடு வந்து நிற்கிறது, அக்காவோ கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவரே எழுந்து, எங்கள் கட்டில்களுக்கு நடுவில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டார். "இன்னும் பதினஞ்சு நாள்தானே" என்றார். வேறு அறையில் இடம் காலியாகி அந்தப் பெண் போவதற்கு இரண்டு மாதம் ஆனது. அதுவரை நாங்கள் அவரைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போனோம். தலைமாட்டில் அந்த ஜிப் பை இருக்கும். அதற்கப்புறம் ஆன்ட்டி அக்காவுடைய நோட்டீஸை மட்டும் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்.

எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அதே அளவுக்குப் பிரியமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எனக்கு டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். எழுந்து நின்ற அன்று தலை சிக்கும் நாற்றமுமாக இருந்தது. அக்கா என்னைப் பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பையிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்தார். முழுவதையும் என் தலையில் கவிழ்த்தார்.

"அக்கா, போதும், போதும்."

"சும்மா கெட. காலியாவட்டும்."

கடைசியில் பாட்டிலுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் ஊற்றினார். என் அம்மாகூட அவ்வளவு நேரம் தேய்த்துவிட்டதில்லை. தண்ணீரோடு தண்ணீராக அழுதேன். அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு நான் செய்த பதில் மரியாதைதான் இன்றைக்கும் நெஞ்சில் உறுத்துகிறது.

ஆபீஸில் பயிற்சிக்காக என்னைப் புனேவுக்கு அனுப்பினார்கள். முதல் விமானம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பெரிய பெட்டியைப் பெல்ட்டில் ஏற்றினாள். எடை கூடிவிட்டது என்று அங்கேயே திறந்தாள். உள்ளே இத்தனை பெரிய ஷாம்பூ பாட்டில்! ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நூறு மில்லி கணக்கெல்லாம் கையில் எடுத்துப் போகிற பைக்குத்தானாம், கீழே போடுகிற பெட்டிக்கு இல்லையாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இது தெரியாமலா இந்த அக்கா நாலைந்து வருஷமாகச் சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்! திரும்பி வந்ததும் முதல் வேலையாக, மேலே அழுத்தினால் பீச்சுகிற மூடி போட்ட நானூறு மில்லி பாட்டில் ஒன்றை வாங்கினேன். பெரிய உலக ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் போல அறைக்குள் நுழைந்து அவர் மடியில் வைத்தேன்.

"அக்கா! பெரிய பெட்டியில போட்டா இத்தனாம் பெரிய பாட்டிலே கொண்டு போலாம். நான் கண்ணால பாத்தேன். இனிமே இத யூஸ் பண்ணுங்க, மிச்சத்த எடுத்துட்டுப் போங்க!"

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"தெரியும்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"பெட்டில போடலாம்னு தெரியும். கடைக்கு வர்ற துபாய்க்காரம்மா ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லிச்சு."

"அப்பறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"இது தீர எவ்ளோ நாளாவும்?"

"உங்க முடிக்கு ஒரு ஆறு மாசம்."

"ஆறு மாசம் இங்கதான்னு நானே ஒத்துக்கறதா?" பாட்டிலை என்னிடம் நீட்டினார். "சின்னது தீரப் போவுதுன்னா எனக்கு ஒரு தெம்பு. தீர்றதுக்குள்ள கூப்ட்டுடுவாருன்னு. இத பாத்தா மூச்சு முட்டுதுடி. எடுத்து மேல வெச்சுடு."

நான் வாங்கிக்கொள்ளவில்லை. கோபத்தில் என்னென்னவோ பேசினேன். உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள், உங்களுக்குப் பைத்தியம், ஊரே சிரிக்கிறது என்றெல்லாம். அவர் கட்டில்மேல் ஏறி, பாட்டிலை பீரோவின் தலைக்கு மேல் வைத்தார். சீல் உடையாமல் ஒரு வருஷம் அது அங்கேயே நின்றது. நானும் தொடவில்லை, எனக்கும் வீம்பு.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். கடையில் அந்தச் சின்னச் சாமான் கூடையைப் பார்த்தால் இன்றும் கை தானாகப் போய் ஒன்றை எடுக்கும். காசுக்கு ஏற்றதா இல்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். யார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பேன். அதற்குமேல் அவருக்கு விளக்குவதில்லை.

பாட்டில் பீரோமேல் ஏறி ஒரு வருஷம் ஆனபோது, கணவர் லீவில் வருவதாகச் செய்தி வந்தது. இருபது நாள் லீவு. கையோடு கூட்டிப் போகத்தான் வருகிறார் என்று அக்கா முடிவே கட்டிவிட்டார். ஆன்ட்டியிடம் நோட்டீஸ். பையில் எல்லாம் புதுசு. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியும் கிளம்பியது. ஆட்டோ ஏறும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "மேல இருக்கறது உனக்குத்தான், எடுத்துக்கோ" என்று மாடியில் எங்கள் பீரோ இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். நானும் நம்பினேன். ரோட்டில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

ஒன்பதாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டு வெளியே வருகிறேன், அக்கா தன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பெட்டி. மடியில் ஜிப் பை. உள்ளே பாட்டில்களெல்லாம் பாதிக்குமேல் அப்படியே இருந்தன.

"என்னக்கா, அதுக்குள்ள?"

"ஃபைலே இல்லடி."

எனக்குப் புரியவில்லை.

"என்னைக் கூப்ட்டுக்க யாரும் அப்ளிகேஷனே போடல. அந்த கம்பெனில அவரு வேலைக்கெல்லாம் ஃபேமிலி ஸ்டேட்டஸ் கெடையாதாம். மொத வருஷமே அவருக்குத் தெரியுமாம். சொன்னா நான் ஒடஞ்சிடுவேன்னு சொல்லலியாம். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் இன்னிக்கு சொல்லிடலாம்னுதான் ஃபோன் போடுவாராம். என் மூஞ்சியப் பாத்ததும் அடுத்த மாசம்னு வந்துடுமாம்."

நான் அந்த மனிதனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் இவன் என்றே திட்டினேன். அக்கா கையை உயர்த்தினார்.

"திட்டாத. அவரு பெட்டிய நான்தான் தொறந்து துணி எடுத்து வெச்சேன். அவரு சோப்பு, ஷாம்பூ, எல்லாம் சின்னதுதான்டி. எட்டு பேர் ரூம்ல பெருசு வெக்க எடம் ஏதுன்னாரு. அங்கயே இன்னும் எத்தன வருஷம்னு கேட்டேன். பெட்டிய மூடி ஓரமா வெச்சாரு." கொஞ்ச நேரம் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "குடியாத்தத்துல எல்லாரும் கத்தார் எப்போ, கத்தார் எப்போன்னு கேக்கறாங்க. எந்த வாயால சொல்றது? அங்கயும் எடமில்ல, இங்க வந்துட்டேன்."

பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"அந்த பெரிய பாட்டில எறக்கு."

ஒரு வருஷம் முன்னால் எதைத் தொடச் சொல்லிச் சண்டை போட்டேனோ, அதை இப்போது என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. "வேணாங்க்கா" என்றேன். "இருங்க, நான் போய் சின்னது வாங்கிட்டு வரேன். கடை தெறந்திருக்கும். எத்தன வேணும்னாலும் வாங்கித் தரேன்." கையைப் பிடித்து இழுத்தேன். அவர் மெதுவாக என் கையை எடுத்துவிட்டார். கட்டில்மேல் ஏறி அவரே எடுத்தார். தூசியைத் துப்பட்டாவால் துடைத்தார். மூடியைத் திருகினார். சீல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கீழே போனார். நானும் பின்னாலேயே போனேன். ஆன்ட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் கேள்வி கேட்காமல் நோட்டை எடுத்துப் பென்சில் எழுத்தைத் தேடினார். பழக்கம்.

"ஆன்ட்டி, நான் காலி பண்ணல. இங்கயே இருக்கேன். இனிமே நோட்டீஸ் குடுக்கமாட்டேன்."

ஆன்ட்டி ரப்பரை எடுத்தவர் நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். எப்போதும் கேலியாகக் கேட்பவர், அன்று ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஈ சல நிஜானா?"

"நிஜ, ஆன்ட்டி."

ஆன்ட்டி அழித்தார். கொஞ்சம் ஜாஸ்தி நேரமே அழித்தார்.

மறுநாள் காலையில் நான் குளிக்கப் போனபோது பாத்ரூம் தட்டில் அந்தப் பாட்டில் நின்றது. அதில் பேர் எழுதவில்லை, அளவுக்குக் கோடு கிழிக்கவில்லை. அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, மடிப்புக் கலையாத அந்தப் புதுச் சுடிதார்களை ஒவ்வொன்றாகப் பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையை நீட்டவும் மனம் வராமல், மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"எடுத்துக்கோ ஆம்பூரு. நெறைய கீது."